பனிச்சரிவும் பத்து நிமிடங்களும்



தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் நெற்கதிரின் நுனியில் நிற்கும் துளிதான். பொதிகையின் உச்சியாகிய அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரமுடையது. அங்கும் வெண்பனி பொழிந்து தேங்குவதில்லை. அப்படியிருக்க, பனிச்சரிவைப் பற்றித் திருநெல்வேலி மாணவர் ஏன் படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சின் பனியாற்றின் வடபகுதியில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த ஒரு காவல் நிலையின்மீது பெரும் பனிச்சுவர் சரிந்து விழுந்தது. அங்கிருந்த 10 பேர் புதையுண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த வீரர்கள். நால்வர் தமிழ்நாட்டவர். மீட்புப் படையினர் மோப்ப நாய்களையும் ரேடார் கருவிகளையும் கொண்டு தேடினர். ஆறாம் நாள், பல அடி ஆழத்தில், கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் காணப்பட்டார். நாடே வியந்தது. ஆனால் அவரும் பிப்ரவரி 11ஆம் நாள் தில்லி இராணுவ மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

நம் மாவட்டங்களிலிருந்து படையில் சேர்ந்து இமயத்தில் பணிபுரிவோர் பலர். குளிர்காலத்தில் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்கும் மணாலியை அடுத்த சோலாங்குக்கும் சுற்றுலா சென்று, அங்கு வாடகைக்குக் கிடைக்கும் பனி ஊர்தியில் ஏறுவோரும் உண்டு. நாளை நீங்களும் அவர்களுள் ஒருவராகலாம். பனி ஊர்தி ஓட்டுவோர்க்கு உலகெங்கும் அளிக்கப்படும் பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சியில், நீங்கள் இப்போது வகுப்பில் படிக்கும் இயற்பியலே பெரும்பகுதி. அதனை இங்கே காண்போம்.

பனி ஊர்தி

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தை எடுத்துவிட்டு இரண்டு சறுக்குக் கட்டைகளைப் பொருத்துங்கள். பின் சக்கரத்துக்குப் பதிலாக அகன்ற ரப்பர்ப் பட்டை ஒன்று சுழலட்டும். இதுவே பனி ஊர்தி. ஸ்நோமொபைல், ஸ்நோ ஸ்கூட்டர் என்றும் கூறுவர். இதை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர் கனடா நாட்டுக் கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி அவருடைய சிறு மகன் இறந்தான். பனிமேல் ஓடும் வண்டியை உருவாக்க அவர் மேற்கொண்ட முயற்சி 1937இல் காப்புரிமை பெற்றது. ஒருவர் இருவர் ஏறிச்செல்லும் சிறிய ஊர்தி 1959இல் விற்பனைக்கு வந்தது.

உயிர் காக்கப் பிறந்த வண்டி, செங்குத்தான பனிச்சரிவுகளில் விளையாட்டாக ஏறத் தொடங்கியதும் உயிர் வாங்கவும் தொடங்கியது. பொழுதுபோக்குக்காகப் பனிமலைக்குச் செல்வோர் சிக்கும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது, சிக்கியவராலோ அவருடன் சென்றவராலோ தூண்டப்பட்டவை. சியாச்சினில் நேர்ந்ததுபோல் தானே விழும் சரிவைத் தடுப்பது அரிது. நாமே தூண்டும் சரிவை அறிவினால் தவிர்க்கலாம்.

பொலியும் பனியும்

பிசான அறுவடையின்போது களத்தில் குவித்த நெற்பொலியைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு நெல்லைக் கொட்டினாலும் பொலி உயர்ந்துகொண்டே போவதில்லை. ஓர் அளவுக்குமேல் பக்கங்களில் நெல் சரிந்து ஓடிவிடும். பொலியின் பக்கச் சாய்வு மட்டும் மாறுவதில்லை. இச்சாய்வையே சறுக்குக் கோணம் என்கிறோம்.

சாய்தளத்தில் உள்ள பொருளின் எடையை இரு கூறுகளாகப் பிரிக்கலாம் என்பதை அறிவீர்கள். ஒரு கூறு பொருளைத் தளத்தோடு அழுத்துகிறது. மற்றொரு கூறு கீழ்நோக்கி இழுக்கிறது. சாய்வு கூடக்கூட அழுத்தும் கூறு குறையும், இழுக்கும் கூறு வளரும். இழுக்கும் கூறு உராய்வை வெல்லும் கோணத்தில் பொருள் சறுக்குகிறது.

பனிக்கும் இதே கணக்குதான், ஒரு வேறுபாட்டுடன். பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகக் கூடியவை. ஆகவே நெல் நிற்க முடியாத சாய்விலும் பனி நிற்கும். 30 பாகைக்குக் குறைந்த சாய்வில் இழுக்கும் கூறு போதாமையால் பெருஞ்சரிவுகள் அரிதாகவே தொடங்குகின்றன. 50 பாகைக்கு மேற்பட்ட சாய்விலோ, விழும் பனி அவ்வப்போதே சிறிது சிறிதாக வழிந்துவிடுகிறது, பெருகித் தேங்குவதில்லை. இடைப்பட்ட 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வே ஆபத்து மிகுந்தது. பனி ஊர்தியோட்டிகள் ஏறி விளையாட விரும்பும் சாய்வும் இதுவேயாகும்.

எனவே பயிற்சியின் முதற்பாடம் சாய்வை அளப்பது. ஒரு கோணமானி, நூல், நூலின் முனையில் கட்டிய இரும்பு நட்டு ஆகியவை போதும். இவற்றால் நீங்களே ஒரு சாய்வுமானி செய்யலாம். அதைக்கொண்டு நெற்பொலி, கட்டட வேலைக்குக் கொட்டிய மணற்குவியல், ஜல்லிக்குவியல் ஆகியவற்றை அளந்து பாருங்கள். கண்ணால் பார்த்து 60 பாகை என்று மதிப்பிட்டவை 35 பாகைக்கு அருகில் இருக்கக் காண்பீர்கள். நம் கண் சாய்வை மிகைப்படுத்திக் காட்டுகிறது. கருவி ஏமாற்றுவதில்லை.

இன்னொன்றும் நினைவிலிருக்க வேண்டும். சமதரையில் நிற்பவரும் பாதுகாப்பானவர் என்று கொள்ள முடியாது. மேலே தொடங்கிய சரிவு தன் வேகத்தால் அடிவாரத்துச் சமதரையிலும் நெடுந்தொலைவு ஓடி வரும். ஆகவே நிற்கும் இடத்தின் சாய்வோடு, தலைக்குமேல் என்ன சாய்வு தொங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

உள்ளே ஒளிந்த சீனி அடுக்கு

மலைமீது குளிர்காலம் முழுவதும் பனி பல தவணைகளில் விழுகிறது. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. சில அடுக்குகள் காற்றால் இறுக்கப்பட்டுப் பலகைபோல் கெட்டியாகின்றன. சில தளர்ந்து கிடக்கின்றன.

தளர்ந்த அடுக்கு எப்படி உண்டாகிறது? தரையையொட்டிய பனியின் வெப்பநிலை ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸ். மேற்பரப்பிலோ சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி இருக்கலாம். கீழ்ப்பகுதிப் பனி பதங்கமாகி, உருகாமலேயே ஆவியாகிறது. அந்த ஆவி மேலேறிக் குளிர்ந்த துகள்கள்மீது மீண்டும் பனியாகப் படிகிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு 10 டிகிரிக்கு மேல் வெப்பநிலை வேறுபட்டால் இவ்வேலை விரைந்து நடக்கும். நாளடைவில் அங்கே பெரிய, கோணமுடைய, ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்கள் நிறைகின்றன. கையில் எடுத்தால் சீனியைப்போல் உதிரும்.

இந்தச் சீனி அடுக்கின்மேல் புதுப்பனி விழுந்து, காற்றால் இறுகிப் பலகையாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்ற அழகிய சரிவு. உள்ளேயோ உதிரி மணிகளின்மேல் பலகையை வைத்த நிலை. ஓரிடத்தில் அவ்வடுக்கு நொறுங்கினால், நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கங்களிலும் பரவி, பலகை முழுவதும் ஒருசேரப் பெயர்ந்துவிடும்.

அப்பலகையின் நிறையைக் கணக்கிடுவோம். நீளம் 50 மீட்டர், அகலம் 40 மீட்டர், தடிமன் அரை மீட்டர் எனக் கொள்க. கன அளவு 1,000 கன மீட்டர். காற்றால் இறுகிய பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 250 கிலோகிராம் எனின், நிறை 2,50,000 கிலோகிராம், அதாவது 250 டன். பத்து டன் ஏற்றிய 25 லாரிகள் ஒரே சமயத்தில் உருண்டு வருவதற்கு ஒப்பாகும். பெயர்ந்த சில விநாடிகளிலேயே அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடும்.

செய்து பாருங்கள்: ஒரு பலகையின்மீது சொரசொரப்பான ஈரத்துணியை விரித்து, அதன்மேல் மைதா மாவைப் பரப்பி உள்ளங்கையால் அழுத்துங்கள். அதன்மேல் சீனியை மெல்லிய அடுக்காகத் தூவுங்கள். மீண்டும் மாவைப் பரப்பி மெல்ல அழுத்துங்கள். பலகையின் ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். எந்தக் கோணத்தில், எந்த அடுக்கில் மாவு பெயர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சீனி இல்லாமல் இதையே செய்து ஒப்பிடுங்கள்.

ஊர்தி என்ன செய்கிறது?

70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் பனியில் நிற்கிறார். இரு பாதங்களின் பரப்பு 0.04 சதுர மீட்டர் எனின், அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17,000 நியூட்டன். ஆளும் ஊர்தியும் சேர்ந்து 350 கிலோகிராம் என்றும், பனியைத் தொடும் பரப்பு 0.8 சதுர மீட்டர் என்றும் வைத்தால், அழுத்தம் ஏறத்தாழ 4,300 நியூட்டன்தான். ஊர்தி மெத்தென்று போகிறது, ஆகவே ஆபத்துக் குறைவு என்று தோன்றும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மேற்பரப்பில் செலுத்தும் அழுத்தம் ஆழம் செல்லச்செல்லப் பரவிக் குறைகிறது. எவ்வளவு ஆழத்தில் குறைகிறது என்பது, அழுத்தும் பரப்பின் அகலத்தைப் பொறுத்தது. பாதம் குறுகியது. அதன் தாக்கம் விரைவில் தேய்ந்துவிடும். ஊர்தியின் பட்டை அதைவிடப் பலமடங்கு அகன்றது, மொத்த விசையும் ஐந்து மடங்கு. எனவே ஊர்தியின் தாக்கம் ஆழத்தில் மறைந்திருக்கும் சீனி அடுக்கையும் எட்டுகிறது. மேலே மிதப்பதால் ஆபத்தில்லை என்பது பொய்க்கணக்கு.

ஊர்தியால் வேறு இரு தீமைகளும் உண்டு. பலவீனமான அடுக்கு நொறுங்கும்போது ‘உம்’ என்றொரு அடங்கிய ஓசை எழும். நடந்து செல்பவர் அதைக் கேட்டுப் பின்வாங்கலாம். ஊர்தியோட்டிக்கு எஞ்சின் இரைச்சலில் அது கேட்பதில்லை. மேலும் நடப்பவர் ஒரு நாளில் ஓரிரு சரிவுகளையே கடப்பார். ஊர்தி ஒரு மணி நேரத்தில் பல சரிவுகளைக் கடக்கும். ஆபத்தான சரிவைத் தொடும் வாய்ப்பும் அதற்கேற்பப் பெருகுகிறது. இதனால் பயிற்சியில், அடிக்கடி எஞ்சினை நிறுத்தி இறங்கி, பனியில் விரிசல் ஓடுகிறதா என்று பார்க்கப் பழக்குகிறார்கள்.

சரிவில் நடந்துகொள்ளும் முறை

புறப்படுமுன் அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பைக் கேட்க வேண்டும். இந்தியாவில் இப்பணிக்கென 1969இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அது 2020இல் மற்றொரு பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துடன் இணைக்கப்பட்டது. இன்று பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் என்ற பெயரில் சண்டிகரிலிருந்து முன்னறிவிப்புத் தருகிறது. புதுப்பனி மிகுதியாக விழுந்த அடுத்த ஓரிரு நாள்கள், பலத்த காற்று பனியை வாரிக் கொண்டுவந்து குவித்த பக்கம், திடீரென வெப்பம் உயர்ந்த பகல் ஆகிய மூன்றும் ஐயத்துக்குரியவை.

சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏற வேண்டும். மற்றவர்கள் சரிவு ஓடிவர முடியாத இடத்தில் நின்று, ஏறுபவரைக் கண் இமைக்காமல் கவனிக்க வேண்டும். ஊர்திகளை ஒன்றையொன்று மறிக்காமல், உடனே புறப்படும்படி நிறுத்த வேண்டும். மேலே ஒருவருடைய ஊர்தி பனியில் சிக்கிக்கொண்டால் நண்பர் உதவிக்கு ஏறக்கூடாது. இவ்விதி பலருக்குக் கடினமாகத் தோன்றும். ஆனால் பலவீனமான சரிவில் இரண்டாவது ஊர்தியின் எடையையும் ஏற்றுவது உதவியாகாது. இருவரும் புதைந்தால் தோண்டுவதற்கு ஆள் குறையும்.

ஏன் பத்து நிமிடம்?

பாய்ந்துவந்த பனி நின்ற மறுகணம் காரைபோல் இறுகுகிறது. துகள்கள் உரசியதில் உண்டான சிறு வெப்பமும் நெருக்கமும் அவற்றை ஒட்டவைத்துவிடுகின்றன. புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க இயலாது. விட்ட மூச்சையே அவர் மீண்டும் இழுக்க நேர்கிறது. மூச்சின் ஈரம் முகத்தின்முன் பனிக்கட்டித் திரையாக உறைந்து காற்றைத் தடுக்கிறது.

சுவிட்சர்லாந்தில் பல ஆண்டு விபத்துகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, முழுதும் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரம் ஆகிவிட்டால் மூவரில் ஒருவர்தான். ஹனுமந்தப்பாவைப்போல் ஆறு நாள் தாங்கியது விதிவிலக்கிலும் விதிவிலக்கு.

பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி சந்திப்புக்குப் பேருந்து வந்து சேர்வதற்குள் பத்து நிமிடம் கடந்துவிடும். ஹெலிகாப்டர் மலைக்கு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்! காப்பாற்றக்கூடியவர் அங்கேயே நிற்கும் தோழர் மட்டுமே. அவருக்குப் பயிற்சி இருந்தால் பிழைப்பு, இல்லையேல் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தேடுகருவி, நீண்ட ஊசிபோன்ற மடக்குக் கோல், மண்வெட்டி ஆகிய மூன்றையும் தம் உடலிலேயே சுமக்க வேண்டும் என்பது விதி. ஊர்தியில் கட்டிவைத்தால் பயனில்லை. சரிவு ஆளையும் ஊர்தியையும் வெவ்வேறு இடங்களில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

காந்தப் புலத்தைத் தொடர்ந்து

தேடுகருவி ஒரு சிறு வானொலி அனுப்பி, ஏற்பியும்கூட. இதன் அதிர்வெண் உலகெங்கும் 457 கிலோஹெர்ட்ஸ். நடுத்தர அலை ஒலிபரப்புப் பட்டைக்குச் சற்றுக் கீழே உள்ளது. பயணத்தின்போது எல்லோருடைய கருவியும் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் புதைந்ததும் மற்றவர்கள் தத்தம் கருவியை ஏற்கும் நிலைக்கு மாற்றிவிட வேண்டும். ஒருவர் மாற்ற மறந்தாலும் தேடுவோர் அவரையே சுற்றிவருவர்.

ஒளியின் வேகத்தை இவ்வதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 656 மீட்டர் எனக் கிடைக்கும். தேடும் தொலைவு 50 மீட்டர் அளவே. அலைநீளத்தைவிட மிகக் குறைந்த இத்தொலைவில் கருவி உணர்வது அனுப்பியைச் சூழ்ந்த காந்தப் புலத்தையே. சட்டக்காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் தூவியபோது கோடுகள் வளைந்து செல்வதைக் கண்டிருக்கிறீர்களல்லவா? பனியின்மேல் தேடுபவரின் கருவியிலுள்ள அம்புக்குறியும் அத்தகைய வளைந்த கோட்டைத்தான் காட்டும். நேராக ஓடாமல் வளைந்து ஓட வேண்டியிருப்பது இதனால்தான்.

இப்புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 40 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு நெருங்கினால் வலிமை எட்டு மடங்காகும். 5 மீட்டரில் 512 மடங்காகும். ஆகவே கடைசி சில மீட்டரில் எண்கள் விரைந்து மாறும். அங்கே ஓட்டத்தை நிறுத்தி, பனியோடு ஒட்டி, மெதுவாகக் கருவியை நகர்த்த வேண்டும். பயிற்சியில் ஒரு கருவியைச் சாக்கில் கட்டிப் பனிக்குள் புதைத்துவிட்டு, கையில் நிறுத்துகடிகாரத்துடன் திரும்பத் திரும்பத் தேடவைப்பார்கள். எஞ்சினும் கைப்பேசியும் இந்நுண்ணிய புலத்தைக் குழப்பும் என்பதால் அவற்றை அணைத்துவிட வேண்டும்.

தோண்டுதல்

இடம் தெரிந்ததும் கோலைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்க வேண்டும். ஆளைத் தொட்ட கோலைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழ்ப்பக்கச் சரிவிலிருந்து தோண்டத் தொடங்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் குழி தேவை எனின், அள்ள வேண்டியது 3 கன மீட்டர். இறுகிய பனியின் அடர்த்தி 400 எனக் கொண்டால் 1,200 கிலோகிராம்! ஒருவரால் பத்து நிமிடத்தில் ஆகக்கூடிய வேலை இல்லை. எனவே முன்னால் இருப்பவர் வெட்ட, பின்னால் இருப்பவர்கள் வரிசையாக நின்று பனியைத் தள்ளிவிடுவர். களைத்தவர் விலகி இடம் மாறிக்கொள்வர். முகத்தை எட்டியதும் முதல்வேலை வாயையும் மூக்கையும் துடைத்து மூச்சுக்கு வழிசெய்வது.

ஆற்றங்கரையிலும் இதே பாடம்

நம் ஆற்றுக்கு வருவோம். பாபநாசம் முதல் ஆற்றூர் வரை, தாமிரபரணியின் மடுவில் ஒருவர் மூழ்கும்போது அவரைக் காக்கக் குதித்தவரும் சேர்ந்து மாண்டார் என்ற துயரச் செய்தியை நீங்கள் கேட்டிருக்கலாம். நீச்சலும் மீட்பு முறையும் அறியாதவர் குதிப்பது, சிக்கிய ஊர்தியை நோக்கி இரண்டாவது ஊர்தி ஏறுவதைப் போன்றது. கரையில் நின்றபடியே கயிறு, மூங்கில் கழி, வேட்டி, காலிக் குடம் எது கிடைத்தாலும் நீட்டவும் எறியவும் வேண்டும். மூழ்கியவருக்கும் மூச்சில்லாமல் கழியும் நிமிடங்களே கணக்கு. தீயணைப்பு வண்டி வருவதற்குள் அவை கடந்துவிடும். குளிக்கப் போகும் நண்பர் குழுவில் ஒருவர் கரையில் நின்று கவனிப்பதும், கையில் கயிறு வைத்திருப்பதும், அதை எறிந்து முன்கூட்டியே பழகுவதும் பனிமலைப் பயிற்சியின் அதே விதிகள்தாம். இந்தக் கோடையில் உங்கள் பள்ளி மன்றத்தில் கயிறு எறியும் பயிற்சியைத் தொடங்குங்கள். பத்து மீட்டர் தொலைவில் வைத்த குடத்தின்மீது கயிறு விழும்வரை எறிந்து பழகுங்கள்.

வினாக்கள்

1. நெற்பொலி ஒன்றின் உயரம் 50 செ.மீ., அடிவட்டத்தின் ஆரம் 80 செ.மீ. அதன் சறுக்குக் கோணம் யாது?

2. 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் தடிமன் உள்ள பனிப்பலகையின் அடர்த்தி கன மீட்டருக்கு 300 கிலோகிராம். அதன் நிறை எவ்வளவு?

3. தேடுபவர் 32 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்கு நெருங்கினால் காந்தப் புலம் எத்தனை மடங்காகும்?

4. ஒரு டப்பாவில் பாதி அளவு அரிசியை இட்டு, அடியில் ஒரு புளியங்கொட்டையைப் புதைத்துப் பலமுறை குலுக்குங்கள். கொட்டை எங்கே வருகிறது? பனிச்சரிவில் சிக்கியவர் முதுகில் ஒரு பெரிய காற்றுப்பை விரிந்தால் அவர் மேலே வர வாய்ப்பு ஏன் கூடுகிறது?

விடைகள்: 1. ஏறத்தாழ 32 பாகை. 2. 1,08,000 கிலோகிராம், அதாவது 108 டன். 3. 64 மடங்கு. 4. கொட்டை மேலே வருகிறது. குலுங்கும்போது பெரிய பொருளின் அடியில் உண்டாகும் இடைவெளியில் சிறு மணிகள் புகுந்து நிரப்பிக்கொள்வதால் பெரியது படிப்படியாக உயர்கிறது. காற்றுப்பை ஆளைப் ‘பெரிய மணி’ ஆக்கிவிடுகிறது.